தெருவில் இறங்கி யோசனை பொறுக்குவது எப்படி?

ஒரு போஸ்டர் செய்ய வேண்டும், அல்லது ஒரு படத்தொடர் எடுக்க வேண்டும், அல்லது ஓர் அட்டைக்கு வரைய வேண்டும். உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. உடனே கை போனைத் தேடுகிறது. அடுத்தவர் செய்த படங்களை ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு எழுந்தால், சேமித்து வைத்த இருநூறு படங்களும் அதே பழைய குழப்பமும்தான் மிச்சம்.

அந்தப் படங்கள் மோசமானவை என்பதல்ல காரணம். அவற்றை ஏற்கெனவே ஒருவர் தேர்ந்தெடுத்து, ஓரம் வெட்டி, நிறம் கூட்டி முடித்துவிட்டார். நாம் செய்ய அதில் வேலையே இல்லை. அந்தப் பொருள் எத்தனை அடி உயரம், பக்கவாட்டில் எப்படி இருக்கும், வெயில் சாய்ந்தால் என்ன ஆகும் என்று ஒன்றும் தெரியாது. தெரியாததை மாற்றிச் செய்யவும் முடியாது. அப்படியே ஒற்றி எடுக்கத்தான் முடியும்.

இதற்கு மாற்றாக ஒரு வழி உண்டு. வீட்டுக்குப் பக்கத்துத் தெரு ஒன்று, ஒரே ஒரு கேள்வி, ஒரு மணி நேரம். எடுத்ததை மூன்று நாளுக்குள் எதற்காவது பயன்படுத்திவிட வேண்டும். பார்க்க எளிதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு படியிலும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடங்களைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

பையில் என்ன வேண்டும்

ஏ6 அளவு நோட்டு ஒன்று (சுமார் 10 × 15 செ.மீ., சட்டைப் பையில் நுழையும்), ஒரு 2பி பென்சில், போன், ஆறு அங்குல ஸ்கேல், ஒரு வெள்ளைத் தாள். இவற்றோடு நீங்களே செய்துகொள்ள வேண்டியது ஒரு சட்ட அட்டை.

பழைய நோட்டு அட்டையோ மிட்டாய்ப் பெட்டி அட்டையோ போதும். நடுவில் 72 மி.மீ. அகலம், 48 மி.மீ. உயரத்தில் ஒரு சன்னல் வெட்டுங்கள். ஓரத்தில் எல்லாப் பக்கமும் நான்கு விரல் அகலமாவது அட்டை மிச்சம் இருக்கட்டும். கண் பக்கம் வரும் முகத்தைக் கறுப்பாக்குங்கள். வெள்ளையாக விட்டால் வெயிலில் அட்டைதான் கண்ணைப் பறிக்கும், காட்சி மங்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையை மறு கண்ணுக்கு 5 செ.மீ. தூரத்தில் பிடித்தால், போனின் சாதாரணக் கேமரா காட்டும் பரப்பு ஏறத்தாழத் தெரியும். 10 செ.மீ. தள்ளினால் 50 மி.மீ. லென்ஸ், அதாவது போனில் இரண்டு மடங்கு ஜூம். 20 செ.மீ. தள்ளினால் 100 மி.மீ. லென்ஸ். கணக்கு நேரானது: பழைய 35 மி.மீ. ஃபிலிமின் படச்சட்டம் 36 × 24 மி.மீ. நாம் அதை இரண்டு மடங்காக வெட்டியிருக்கிறோம். ஆகவே கண்ணுக்கும் அட்டைக்கும் உள்ள தூரமும் லென்ஸ் அளவைப்போல் இரண்டு மடங்கு.

போனிலேயே பார்க்கலாமே, அட்டை எதற்கு? போன் திரை எதைக் காட்டினாலும் கொஞ்சம் மெருகேற்றித்தான் காட்டும். அட்டை அப்படியே காட்டும். அதோடு, அட்டையில் அழுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. அதனால் கண் கொஞ்சம் நின்று பார்க்கும்.

கேள்வி ஒன்றுதான்

“நல்லதாக எதுவாவது கண்ணில் படட்டும்” என்று கிளம்பினால் பூனை, மேகம், டீக்கடை நுரை, உதிர்ந்த பூ என்று எல்லாம் வரும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாது. கேள்வியை வீட்டிலேயே முடிவு செய்து நோட்டின் முதல் வரியில் எழுதிவிட்டுச் செருப்பு மாட்டுங்கள். தொடக்கத்துக்குச் சில கேள்விகள்:

- இந்தத் தெருப் பலகைகளில் ‘க’ எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது?
- சன்னல் கம்பிகளில் எத்தனை வடிவம்?
- எந்த இரண்டு நிறங்கள் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன?
- உடைந்ததை எப்படி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்?
- காலை நிழல் எதன் மேல் விழுந்து மடிகிறது?

கடைசிக்கு முந்தைய கேள்வியைக் குறைத்து எடைபோட வேண்டாம். கயிறு கட்டிய நாற்காலி, சைக்கிள் டியூப் சுற்றிய குழாய், வேறு நிறத் துணியில் ஒட்டுப்போட்ட குடை ஆகியவற்றில் யாரும் அழகுக்காக யோசிக்கவில்லை. அதனாலேயே எதிர்பாராத சேர்க்கைகள் அங்கே கிடைக்கும்.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எடுப்பதும் நல்ல கேள்விதான். ஜெர்மனியில் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்ற புகைப்படத் தம்பதி 1959 முதல் தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், உலைகள் என்று ஒவ்வொரு வகையையும் பல ஆண்டுகள் எடுத்தார்கள். எல்லாம் நேர் எதிரிலிருந்து, மேகமூட்டமான வெளிச்சத்தில், நடுவில் வைத்து. பிறகு ஒன்பதோ பன்னிரண்டோ படங்களை வரிசையாக அடுக்கினார்கள். தனிப்படத்தில் கண்ணில் படாத வேறுபாடு, அடுக்கியதும் பளிச்சென்று தெரியும். நம் ஊர்களில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இல்லாத இடம் ஏது? இஸ்திரி வண்டி, பெட்டிக்கடை, சுமைதாங்கிக் கல், வாசல் திண்ணை, எதை வேண்டுமானாலும் இப்படி அடுக்கலாம். முறை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒன்றைக் கீழேயிருந்தும் மற்றொன்றை மாடியிலிருந்தும் எடுத்தால் தொட்டிகளின் வேறுபாடு தெரியாது, நீங்கள் நின்ற இடத்தின் வேறுபாடுதான் தெரியும்.

கேள்விக்கு விடை தேடும்போது இன்னொன்று குறுக்கே வந்தால் தடுக்க வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்லில் குறித்துவிட்டு நடையைத் தொடருங்கள். அடுத்த வாரக் கேள்வி அங்கிருந்துதான் வரும். கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களுக்குப் பொறி, ஒரு மாணவரின் கணிதக் குறிப்பேட்டுப் பக்கம். எண்களும் எழுத்துகளும் வடிவியல் கோடுகளும் நிறைந்த அந்தப் பக்கத்தை அவர் கணக்காகப் பார்க்கவில்லை, வரைந்த பரப்பாகப் பார்த்தார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர் அவர். அவருக்கே வேண்டியிருந்தது ஒரு பள்ளி நோட்டுப் பக்கம்தான்.

எந்த நேரத்தில் போவது

குளிர்நாட்டுக்காரர் எழுதிய புகைப்படக் குறிப்புகளைப் படித்துவிட்டு மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏமாற்றம்தான். நம் பக்கம் சூரியன் செங்குத்தாக ஏறி இறங்கும். சாய்வெயில் வேகமாக முடிந்துவிடும். சென்னை அளவிலான அட்சக்கோட்டில், உதித்து ஒரு மணி நேரத்தில் நிழல் பொருளின் உயரத்தைப்போல் நான்கு மடங்கு இருக்கும். இரண்டாம் மணி நேரத்தில் இரண்டு மடங்குக்கும் குறையும். மூன்றாம் மணி முடியும்போது உயரமும் நிழலும் ஏறத்தாழச் சமம். நிழல் உங்கள் கேள்வி என்றால் உதித்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் கையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் ஒவ்வொரு நாள், பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில், சென்னையில் நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அதை எடுக்கவே விரும்பினால் அந்த நாளைக் காத்திருந்து பிடியுங்கள்.

எழுத்துக்கும் நிறத்துக்கும் வெயிலே வேண்டாம். மேகமூட்டம் நல்லது, ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இதற்கென்றே இருப்பவை. மழை விட்ட அரைமணி இன்னும் நல்லது, சுவர் நனைந்து நிறம் அடர்ந்திருக்கும். செதுக்கு வேலை, சுதைச் சிற்பம், மரக்கதவு என்றால் வெயில் பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ உரசிக்கொண்டு விழ வேண்டும். கிழக்குப் பார்த்த கோபுரத்தைக் காலை ஆறரைக்கு எடுத்தால் முகத்தில் நேராக வெளிச்சம் விழுந்து சிற்பங்கள் தட்டையாகிவிடும். பத்து, பத்தரைக்கு மேல் போனால் ஒவ்வொரு மாடத்துக்கும் நிழல் வந்து குழிவு தெரியும். வெயில் வாட்டும்தான், குடையோடு போங்கள்.

தெருவில்

முதல் பத்து நிமிடம் போனை எடுக்கவே கூடாது. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒருமுறை நடந்துவிடுங்கள். திரும்பி வரும்போது எதிர்ப்புறச் சுவரோரமாக நடங்கள். எங்கெல்லாம் நிற்கத் தோன்றியதோ அங்கெல்லாம் நோட்டில் ஒரு கோடு. பிறகுதான் கேமரா.

பன்னிரண்டு படங்கள் மட்டும். இந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் வரம்பு இல்லையென்றால் ஒரே பலகையை நாற்பது தடவை எடுத்துவிட்டு, வீட்டில் எதை வைப்பது எதை நீக்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். ஒரு பொருளுக்கு மூன்று படம் என்று வைத்துக்கொண்டால் நான்கு பொருள். மூன்றும் மூன்று தூரத்தில்: பத்தடி தள்ளி, சுற்றுப்புறத்தோடு ஒன்று; நேர் எதிரில் நின்று, பொருள் மட்டும் ஒன்று; ஒரு சாண் தூரத்தில், பரப்பின் சொரசொரப்பு தெரிய ஒன்று. முதல் படத்தைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்த நீலக் கதவு எந்த அளவு, எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று தேடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

நேர் எதிர்ப் படம்தான் பெரும்பாலும் கெடும். போனின் அகலக் கோணத்தில் கிட்டே போய் எடுத்தால் ஓர எழுத்துகள் இழுபட்டு வீங்கும். அண்ணாந்து எடுத்தால் பலகை மேலே குறுகும். நாலைந்து அடி பின்வாங்கி இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கட்டக்கோடுகளைத் திரையில் போட்டுக்கொண்டு, பலகையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அந்தக் கோடுகளுக்கு இணையாகும் வரை போனைச் சாய்த்துச் சரிபாருங்கள். எனாமல் பூச்சு பளபளத்தால் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும், கண்ணைக் கூசும் ஒளி போய்விடும்.

வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் சாம்பலாக வருகிறதா? கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும். அதனால் வெள்ளையை இறக்கும், கறுப்பை ஏற்றும். திரையில் சுவரைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஒளியளவு பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலே இழுத்து வெள்ளை வெள்ளையாகும்வரை ஏற்றுங்கள். கறுத்த கதவுக்கு இதற்கு நேர்மாறு. நிழலை எடுக்கிறீர்கள் என்றால் எச்.டி.ஆர். வசதியை அணைத்துவிடுங்கள்; அது நிழலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி, நீங்கள் எதற்காக நின்றீர்களோ அதையே அழித்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் முதல் படத்தில் அந்த வெள்ளைத் தாளை ஓரமாகப் பிடித்து எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிறம் திருத்தும்போது எது உண்மையான வெள்ளை என்பதற்குச் சாட்சி அதுதான்.

மரியாதையும் இதில் ஒரு பகுதி. கடைப் பலகையை எடுக்குமுன் கடைக்காரரிடம் “அண்ணே, போர்டு எழுத்து நல்லாருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கவா?” என்று கேட்டால் பெரும்பாலும் யார் எழுதியது என்ற கதையும் சேர்ந்து கிடைக்கும். கேட்காமல் எடுத்தால், நகராட்சியிலிருந்து வந்திருக்கிறாரோ என்று பயப்படுவார். வாசல் கோலத்தை எடுக்கும்போது அந்த வீட்டு அக்காவிடம் கேளுங்கள், கோலத்தை மிதிக்காதீர்கள். குழந்தைகளை எடுக்க வேண்டாம். கோயில் கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

எழுத்து: பலகையை எப்படிப் படிப்பது

ஃபிளெக்ஸ் வந்தபின் கையால் எழுதிய பலகைகள் குறைந்துவிட்டன. ஆனாலும் சைக்கிள் கடை, அரிசி மண்டி, லாரியின் பின்பக்கம், பள்ளிச் சுவர் என்று தேடினால் கிடைக்கும். மூலையில் சின்னதாக ‘இன்னார் ஆர்ட்ஸ்’ என்று பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஐ-கார எழுத்துகளைப் பாருங்கள். லை, ளை, னை, ணை ஆகியவை யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த பழைய உருவில் இருந்தால், அந்தப் பலகை 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிப்பதற்கு முன் எழுதியதாக இருக்கலாம், அல்லது அதற்கு முன் கைபழகியவர் எழுதியதாக இருக்கலாம். ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியாக இல்லாமல் எழுத்தோடு சுழித்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். ஒரு பலகையின் வயதை ஏறக்குறையச் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்து மூன்றைப் பாருங்கள். ஒன்று, தடிமன் எங்கே கூடுகிறது. தட்டைத் தூரிகையை ஒரே கோணத்தில் பிடித்தால் ஒரு திசைக் கோடு தடிக்கும், மறுதிசைக் கோடு மெலியும். இந்த ஒழுங்கு கலையாமல் இருந்தால் எழுதியவர் தேர்ந்த கை. இரண்டு, நிழல் எந்தப் பக்கம். பெயரின் எல்லா எழுத்துக்கும் நிழல் ஒரே பக்கம், ஒரே அளவில் விழுந்திருக்கிறதா? மூன்று, இடம் போதாதபோது என்ன செய்திருக்கிறார். தமிழில் ஒரு சொல் சட்டென்று நீளும். ‘ஸ்ரீ முருகன் எலக்ட்ரிகல்ஸ்’ பலகையில் கடைசி மூன்று எழுத்து எப்படி நெருக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே அவருடைய புத்தி தெரியும். சிலர் மெய்யெழுத்துகளைச் சின்னதாக்குவார்கள், சிலர் ‘ல்’லின் வளைவை முந்தைய எழுத்துக்குக் கீழே செருகுவார்கள்.

கணினியில் இழுத்து அகலமாக்கிய எழுத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: நிற்கும் கோடுகள் எல்லாம் கொழுத்திருக்கும், படுத்த கோடுகள் பழையபடி ஒல்லியாக இருக்கும். பலகை எழுத்தாளர் அப்படி அகலப்படுத்த மாட்டார். வளைவைத் திறப்பார், கோட்டின் தடிமனைத் தொடமாட்டார். உங்கள் வடிவமைப்பிலும் அதையே செய்யுங்கள்.

படம் எடுத்தது போதாது. ஒரு எழுத்தையாவது அங்கேயே நின்று நோட்டில் வரையுங்கள், ஐந்து செ.மீ. உயரத்தில். வரையும்போதுதான் ‘ழ’வின் வால் எங்கே கிளம்புகிறது என்று நமக்கே தெரியவில்லை என்பது தெரியும்.

கோலம்: படத்தை விட்டு விதியை எடுங்கள்

மார்கழியில் இதற்குக் குறைவே இல்லை. ஆனால் கோலத்தைப் படமெடுத்து அப்படியே பையில் அச்சிட்டால் அது வேறொருவர் கோலம். அதற்குள் இருக்கும் விதியை எடுத்தால் அதிலிருந்து நூறு செய்யலாம்.

முதலில் புள்ளியை எண்ணுங்கள். வரிசைக்கு வரிசை புள்ளி நேர்க்கீழே இருந்தால் நேர்ப்புள்ளி. மேல்வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக வந்தால் இடுக்குப்புள்ளி. சந்துப்புள்ளி, ஊடுபுள்ளி என்றும் சொல்வார்கள். ‘15 புள்ளி, 8 வரை இடுக்கு’ என்றால் நடுவரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 14, 13 என்று 8 வரை. மொத்தம் 169 புள்ளி, அறுகோண உருவம். பழக ‘7 புள்ளி, 4 வரை’ போதும்: 37 புள்ளி.

இங்கேதான் நோட்டில் பலர் தவறுவார்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இடுக்குப்புள்ளி வைத்தால் கோலம் மேல்கீழாக நீண்டு, ஆறு இதழும் ஆறு அளவாகிவிடும். புள்ளிக்குப் புள்ளி 1 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசை 8.7 மி.மீ. இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகள் சம முக்கோணமாக நிற்கும். வாசலில் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, கைவிரலே அளந்துவிடும். நேர்ப்புள்ளிக்குக் கணக்கு நோட்டு தாராளமாகப் பொருந்தும்.

சிக்குக் கோலம் என்றால் ஒரு பென்சில் முனையை ஓரிடத்தில் வைத்து எடுக்காமல் தொடருங்கள். தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டால் ஓர் இழை. இன்னும் தொடாத கோடு மிச்சம் இருந்தால் அது அடுத்த இழை. எத்தனை இழை என்று எண்ணி எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு இழைக்கும் ஒரு நிறம் கொடுத்து மறுபடி வரைந்தால், வெள்ளை மாவில் தெரியாத உருவம் மேலே வரும். இனி நீங்கள் மாற்றலாம்: புள்ளியை எடுத்துவிட்டு இழையை மட்டும் வையுங்கள், அல்லது இழையை எடுத்துவிட்டு, நடுவில் அடைபட்ட இடங்களை மட்டும் நிரப்புங்கள். இரண்டாவதில் வருவது ஓடு பதித்த தரைபோல் இருக்கும். செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொடர்பு உடனே பிடிபடும். கண்ணாடிப் பலகைமேல் உலோக அச்சு வைத்து, அறை அறையாக நிறச் சிமென்ட்டை ஊற்றித்தான் அவற்றைச் செய்கிறார்கள். கோடு போடும் வேலை அதில் கிடையாது. நிறைத்த இடங்களின் ஓரமே கோடாகிறது.

நிறம்: பெயரும் பங்கும்

நிறத்துக்குப் பெயர் இருந்தால்தான் நினைவில் நிற்கும். நம்மிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. பட்டுக்கடையில் ஒரு மணி நேரம் காது கொடுத்தால் போதும். அரக்கு, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, பாக்கு, மிளகாய்ப்பழச் சிவப்பு, எம்.எஸ். நீலம். கட்டத்துக்கும் கோட்டுக்கும்கூடத் தனிப்பெயர்கள்: வைர ஊசி, வங்கி (தோள்வளை), மயில் கண், முத்துக் கட்டம். நோட்டில் ‘அழகான பச்சை’ என்று எழுதாதீர்கள். ‘வாழைக்குருத்துப் பச்சை, வெயில் படாத பக்கம்’ என்று எழுதினால் ஒரு மாதம் கழித்தும் திரும்பிக் கலக்க முடியும்.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக நெய்து கோத்து வருவதால், இரண்டு நிறம் மோதும் ஓரம் கத்தி வெட்டியதுபோல் இருக்கும். அதை எடுத்தால் நிறங்களை மட்டுமன்றிப் பங்கையும் எடுங்கள். நோட்டில் பத்துக் கட்டம் வரிசையாகப் போட்டு, உடலுக்கு ஏழு, கரைக்கு இரண்டு, சரிகைக்கு ஒன்று என்று கண்ணளவில் நிரப்புங்கள். அதே மூன்று நிறத்தையும் சமமாக மூன்று மூன்று கட்டம் போட்டுப் பாருங்கள். சேலை போய் சர்க்கஸ் கூடாரம் வந்துவிடும். நிறத்தேர்வு தப்பு என்று புலம்பும் பல இடங்களில் தப்பியது பங்குதான்.

போனில் நிறம் எடுக்கும் செயலியை நம்பிவிட வேண்டாம். அது தொட்ட ஒரு புள்ளியின் நிறத்தைத்தான் சொல்லும். அந்தப் புள்ளி நிழலிலோ பளபளப்பிலோ இருந்தால் வேறு நிறம். ஓவியரும் ஆசிரியருமான ஜோசஃப் ஆல்பர்ஸ் மாணவர்களுக்கு நிறக் காகிதத் துண்டுகளை வைத்தே பாடம் நடத்தினார்: ஒரே துண்டு இரண்டு வேறு பின்னணியில் இரண்டு வேறு நிறமாகத் தோன்றும். கலர் பென்சிலையோ தண்ணீர் வண்ணத்தையோ கொண்டு, அதே வெளிச்சத்தில், அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் நோட்டைப் பிடித்து ஒப்பிட்டுத் தீட்டுவதுதான் சரியான வழி.

மயில் கழுத்து நிறம் தனிக்கதை. பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் இன்னொரு நிறம். துணி அசைந்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி வரும். ஒரே படத்தில் அது சிக்காது. இடமும் வலமுமாக நின்று இரண்டு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே

இருபது நிமிடம். தள்ளிப்போட்டால் இந்தப் பன்னிரண்டும் போனின் கடலில் கரைந்துவிடும். பன்னிரண்டில் ஐந்தை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். ஐந்துக்கும் தேதி, இடம், பொருள் என்ற வரிசையில் பெயர் வையுங்கள், ‘2025-01-08-மேலவீதி-சன்னல்கம்பி’ என்பதுபோல. ஆண்டு முதலில் இருந்தால் கணினி தானாகக் காலவரிசையில் அடுக்கும். ‘அழகு’, ‘ஐடியா’ என்று கோப்புறை போடாதீர்கள், அன்றைய கேள்வியையே கோப்புறைப் பெயராக்குங்கள். கணினிக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் படமாகப் போட்டால் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது கம்பி போட்டு எடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி: எதற்காக நின்றேன்? “கம்பி மூன்றாவது இடத்தில் மட்டும் வளைந்திருந்தது” என்பது பயன்படும் வரி. “சூப்பர்” பயன்படாது.

மூன்று நாளுக்குள் பிரித்து மாட்டுவது

ஐந்தில் ஒன்றை எடுத்து மூன்று முறை வரையுங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவில். முதலாவதில் கோட்டு எலும்பு மட்டும். இரண்டாவதில் கறுப்பு வெள்ளை இரண்டே நிறத்தில் இருட்டும் வெளிச்சமும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் எது இருட்டு என்று தெரியும். மூன்றாவதில் நிறப் பங்கு மட்டும், வடிவம் இல்லாமல். மூன்றில் எது மூலப்பொருள் இல்லாமலும் தானாக நிற்கிறதோ, அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: அளவு, அல்லது பொருள், அல்லது எண்ணிக்கை. சன்னல் கம்பியின் நிழலை இருபது மடங்கு பெரிதாக்கினால் அது ஒரு போஸ்டரின் பின்னணி. அரிசி மண்டிப் பலகையின் ‘க’வைத் தையலில் போட்டால் அது வேறு எழுத்து, ஏனென்றால் ஊசிக்கு வளைவு வராது, படிப்படியாகத்தான் வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. தீப்பெட்டி லேபிளின் சின்னத்தையோ ஒரு கடையின் அடையாள எழுத்தையோ முழுதாகத் தூக்கி வைப்பது மட்டும் வேண்டாம். அது சட்டப்படியும் சிக்கல், பார்ப்பவருக்கும் பழைய வாடை.

தெரு வறண்டுவிட்டால்

மூன்றாம் வாரம் எல்லாருக்கும் வரும் புகார் இது. தெருவை மாற்ற வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். காலை தெரு இரவு ஒன்பது மணிக்கு வேறு தெரு: ஷட்டர் இறங்கியிருக்கும், ஒற்றைக் குழல்விளக்கு சுவரில் நீள நிழல் போடும்.

அப்போதும் வரவில்லையென்றால் ஒரு நாள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், ஆனால் ஒரே ஒரு பொருளைப் பார்க்க. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் ஒரு சிற்பத்துக்கு முன் அரைமணி நேரம் நின்று, முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று வெளிக்கோடு மட்டும் வரையுங்கள். முகமும் நகையும் வேண்டாம். இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது, தோள் எதிர்ப்புறம் எப்படிச் சரிகிறது என்பது மட்டும். பழைய தென்னிந்திய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் என்றால் ஒரு வீட்டின் தூண்களை மட்டும்.

இன்னொன்று. நல்ல சுவரோ பலகையோ கண்ணில் பட்டால் அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மார்கழி கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள், தேர்தல் வந்தால் சின்னம் எழுதுவார்கள், கடை கைமாறினால் ஒரே நாளில் ஃபிளெக்ஸ் ஏறிவிடும். மேலே சொன்ன மூன்று தூரத்தில் மூன்று படத்தை, கையில் பால் பாக்கெட் இருந்தாலும், அப்போதே எடுத்துவிடுங்கள்.